ஒப்புக்கொடுத்தது மறுபடி என் கைக்கே வந்துவிடுகிறதே

சகோதரி ஒருவர் கேட்டது இது: "20 வருடமாக ஆண்டவரைப் பின்பற்றுகிறேன். வெளியூரில் வேலை பார்க்கும் என் மகன் ஒரு வருடமாக எங்களோடு பேசுவதில்லை. உபவாசக் கூட்டத்தில் அழுது ஜெபித்து, 'ஆண்டவரே, இவனை உம்முடைய கையில் கொடுத்துவிட்டேன்' என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று இரவே படுக்கையில் கிடந்தபடி, வாட்ஸ்அப்பில் அவன் கடைசியாக எத்தனை மணிக்கு வந்துபோனான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியானால் நான் ஒப்புக்கொடுத்தது பொய்யா? முழுமையாக ஒப்புக்கொடுப்பது என்றால், இனி அவனுக்காக எதுவும் செய்யாமல் சும்மா இருப்பதா? இத்தனை வருடத்தில் நான் வளரவே இல்லையோ?"

சகோதரி, நீங்கள் கூட்டத்தில் சொன்னது பொய்யில்லை. அன்று மாலை உங்களிடம் இருந்ததை நீங்கள் கொடுத்தீர்கள். இரவு 11 மணிக்கு வந்த பயம் மாலையில் உங்களிடம் இல்லை. அது புதிதாக வந்தது. அதையும் அதே இடத்தில் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும், அவ்வளவுதான். நாளை காலை வேறொரு பயம் வரும். அதுவும் அங்கேதான் போகவேண்டும். ஒரே தரம் சொல்லி முடிந்துவிடும் காரியம் என்று நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருப்பதால்தான், இரண்டாம் தரம் சொல்ல நேரும்போது முதல் தரம் சொன்னதையே சந்தேகிக்கிறோம்.

பாடுகளுக்கு முந்தின இரவில் ஆண்டவர் கெத்செமனே தோட்டத்தில் ஜெபித்ததை நிதானமாக வாசித்துப் பாருங்கள். மத்தேயு 26-ஆம் அதிகாரம். நாம் வழக்கமாக "என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்ற வரியோடு நிறுத்திவிடுகிறோம். ஆனால் அந்த வரி 39-ஆம் வசனத்தில் இருக்கிறது. ஜெபம் அங்கே முடியவில்லை. சீஷர்களிடம் வருகிறார், அவர்கள் தூங்குகிறார்கள், மறுபடி போகிறார். 42-ஆம் வசனத்தில் வார்த்தை கொஞ்சம் மாறியிருக்கிறது. முதல் தரம் "இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கக்கூடுமானால் நீங்கும்படி செய்யும்" என்று கேட்டவர், இரண்டாம் தரம் "இந்தப் பாத்திரத்தில் நான் பானம்பண்ணினாலொழிய இது என்னைவிட்டு நீங்கக்கூடாதாகில்" என்கிறார். 'நீங்கக்கூடுமானால்' என்றது 'நீங்கக்கூடாதாகில்' என்று ஆகியிருக்கிறது. இரண்டு ஜெபங்களுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று வேதம் சொல்லவில்லை. ஆனால் ஏதோ ஒன்று நகர்ந்திருக்கிறது. பிறகு 44-ஆம் வசனம்: "மூன்றாந்தரமும் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபம்பண்ணினார்."

பாவமே அறியாத நம் ஆண்டவர், பிதாவின் சித்தத்துக்குத் தம்மைக் கொடுக்கும் ஜெபத்தை ஒரே இரவில் மூன்று தரம் ஜெபித்திருக்கிறார். மூன்றாம் தரம் சொன்னதால் முதல் தரம் சொன்னது பொய்யாகிவிட்டதா? உங்களுக்கு மட்டும் ஏன் அப்படி ஒரு கணக்கு?

பவுலும் அப்படித்தான். மாம்சத்திலுள்ள முள்ளைக் குறித்து "மூன்றுதரம் கர்த்தரிடத்தில் வேண்டிக்கொண்டேன்" என்று 2 கொரிந்தியர் 12-இல் எழுதுகிறார். முள் போகவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் வந்தது. இதே பவுல் சிறையிலிருந்து பிலிப்பியருக்கு எழுதும்போது, எந்த நிலைமையிலும் மனரம்மியமாயிருக்கக் "கற்றுக்கொண்டேன்" என்கிறார். அந்தச் சொல்லை நான் பல வருடம் கவனிக்காமல் தாண்டிப்போயிருக்கிறேன். பெற்றுக்கொண்டேன் என்று அவர் சொல்லவில்லை. தமஸ்கு சாலையில் அவ்வளவு பெரிய வெளிச்சத்தைக் கண்டவரும் மனரம்மியத்தைப் படித்துத்தான் பழகவேண்டியிருந்தது. படிக்கிறவன் தப்புவிடுவான், திரும்ப எழுதுவான்.

லூக்கா 9:23-ஐயும் இதோடு சேர்த்துப் பாருங்கள். தன் சிலுவையை எடுத்துக்கொண்டு என்னைப் பின்பற்றக்கடவன் என்ற வாக்கு மத்தேயுவிலும் மாற்குவிலும் உண்டு. லூக்கா மட்டும் அதில் "அனுதினமும்" என்ற ஒரு சொல்லைப் பதிந்து வைத்திருக்கிறார். நேற்று எடுத்த சிலுவையை இன்றும் எடுக்கவேண்டும் என்பதை ஆண்டவரே முன்கூட்டிச் சொல்லிவிட்டார் என்றால், இன்று காலை அது மறுபடி தரையில் கிடப்பதைப் பார்த்து நாம் அதிர்ந்துபோக வேண்டியதில்லை.

அடுத்து, சும்மா இருப்பதா என்று கேட்டீர்கள். இதில்தான் நல்ல விசுவாசிகள் பலர் தடுக்கி விழுகிறார்கள். "உன் வழியைக் கர்த்தருக்கு ஒப்புவித்து, அவர்மேல் நம்பிக்கையாயிரு" என்று சங்கீதம் 37:5 சொல்கிறது. அங்கே 'ஒப்புவித்து' என்று நாம் வாசிக்கும் இடத்தில் எபிரெயுவில் இருக்கும் சொல்லுக்கு நேர்ப்பொருள் 'உருட்டிவிடு' என்பது. யாக்கோபு கிணற்றின் வாயிலிருந்து கல்லைப் புரட்டினானே, ஆதியாகமம் 29-இல், அங்கே வருவதும் அதே வினைதான். தூக்கிக் கொடுக்க முடியாத பாரம் அது. தோளைக் கொடுத்துத் தள்ளி உருட்டத்தான் முடியும். 1 பேதுரு 5:7-இல் "உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்" என்ற இடத்திலும் கிரேக்கச் சொல் எறிவதைக் குறிக்கிறது. ஆண்டவர் எருசலேமுக்குள் போக, சீஷர்கள் தங்கள் வஸ்திரங்களைக் கழுதைக்குட்டியின்மேல் போட்டார்கள் என்று லூக்கா 19:35 சொல்கிறது. அந்த 'போட்டு' இதே சொல்தான். உருட்டுவதும் எறிவதும் உடம்பை வளைத்துச் செய்கிற வேலைகள். சும்மா கிடப்பவனுக்கு இவை வராது.

"இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள்" என்று பிலிப்பியர் 2:12 சொல்கிறது. உடனே 13-ஆம் வசனம், "ஏனெனில் தேவனே... விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவராயிருக்கிறார்" என்கிறது. அந்த 'ஏனெனில்' என்பதை விட்டுவிடாதீர்கள். தேவன் செய்கிறார், ஆகையால் நீ உட்கார்ந்திரு என்று பவுல் எழுதவில்லை. தேவன் உள்ளே செய்துகொண்டிருக்கிறார், அதனால் நீ செய் என்கிறார். நெகேமியாவின் ஆட்கள் எருசலேமின் மதிலைக் கட்டும்போது செய்ததும் இதுதான்: ஜெபமும் பண்ணினார்கள், இரவும் பகலும் காவலும் வைத்தார்கள். ஒன்று விசுவாசம், மற்றது அவிசுவாசம் என்று அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை.

நாம் விடவேண்டியது எது என்றால், முடிவு இப்படித்தான் வரவேண்டும், இந்த நாளுக்குள் வரவேண்டும், இந்த வழியாக வரவேண்டும் என்ற பிடி. வேலையை விடுவது வேறு, பிடியை விடுவது வேறு. உங்கள் மகன் திரும்பப் பேசவேண்டும் என்று ஆசைப்படுவதும் கேட்பதும் பாவமே இல்லை. பாத்திரம் நீங்கவேண்டும் என்று ஆண்டவரே கேட்டார். ஆனால் இரவில் அந்த நேரத்தைப் பார்ப்பது அவனுக்கு எந்த உதவியும் செய்யவில்லையே. அது அன்பு மாதிரி இருக்கிறது, உண்மையில் உங்கள் பயத்துக்கு நீங்கள் போடும் தீனி. இதைக் குற்றம்சாட்டிச் சொல்லவில்லை. எனக்கும் அந்தப் பசி தெரியும்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். என் அப்பா பக்கவாதம் வந்து கடைசி இரண்டு வருடம் படுக்கையில் இருந்தார். ஒருநாள் மாலை ஜெபக்கூட்டத்தில், "என் ஜீவனும் சரீரமும் நேரமும் உமக்கே" என்று உருகி ஜெபித்துவிட்டு வந்தேன். இரவு இரண்டு மணி இருக்கும். "தம்பி" என்று கூப்பிட்டார். அது அன்றிரவு மூன்றாம் தரம். நான் அசையவில்லை. தூங்கிவிட்டேன் என்று அவர் நினைக்கட்டும் என்று மூச்சைக்கூட சீராக விட்டேன். அவர் மறுபடி கூப்பிடவில்லை. மகன் களைத்திருப்பான் என்று அடக்கிக்கொண்டார். தொண்டையை மட்டும் மெல்லக் கனைத்தார். அந்தச் சத்தத்தில்தான் மாலை நான் பண்ணின ஜெபம் ஞாபகத்துக்கு வந்தது. எழுந்திருக்க மனம் வரவேயில்லை. "ஆண்டவரே, எனக்கு விருப்பம் இல்லை, ஆனாலும் இந்தக் காலை எடுத்து வைக்கிறேன்" என்று சொல்லி, கட்டிலிலிருந்து காலைத் தரையில் வைத்தேன். தரை சில்லென்று இருந்தது. கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்தேன். பாதி கடைவாயில் வழிந்தது, துண்டின் நுனியால் துடைத்தேன். அசைகிற அந்த ஒரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மாலையில் கண்ணீரோடு சொன்ன ஜெபத்தைவிட, விருப்பமில்லாமல் தரையில் வைத்த அந்தக் கால்தான் நான் அன்று கொடுத்த காணிக்கை என்று இன்றும் நம்புகிறேன். ரோமர் 12:1-இல் பவுல் "உங்கள் சரீரங்களை" ஜீவபலியாக ஒப்புக்கொடுக்கச் சொல்கிறார். இருதயத்தை என்று எழுதியிருந்தால் நாம் உணர்ச்சியோடு நிறுத்திக்கொண்டிருப்போம். சரீரம் என்றால் கால், கை, நாக்கு, போனைத் தள்ளிக்கொண்டிருக்கும் கட்டைவிரல். மனம் முழுதும் சம்மதிக்கும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. சரீரம் முதலில் போகட்டும். மனம் பின்னாலே வந்து சேர்ந்துகொள்வதை நான் பலதடவை கண்டிருக்கிறேன்.

அதனால் உங்களுக்கு நான் சொல்லும் முதல் காரியம்: "என்னை முழுவதும் தருகிறேன்" என்ற பெரிய ஜெபத்தைக் கொஞ்ச நாள் ஒதுக்கிவைத்துவிட்டு, பெயர் சொல்லிக் கொடுங்கள். "ஆண்டவரே, நேற்று அவன் என் அழைப்பை எடுக்கவில்லை. அந்த வலியைத் தருகிறேன்." "அவன் யாரோடு பழகுகிறானோ என்ற பயத்தைத் தருகிறேன்." "நான் நல்ல தாயாக இருக்கவில்லையோ என்ற இந்த எண்ணத்தைத் தருகிறேன்." மூன்றாவதாகச் சொன்னது, என் அனுமானத்தில், மகனைவிட உங்களை அதிகமாக அழுத்துகிற பாரமாக இருக்கலாம். 'முழுவதும்' என்ற சொல்லுக்குள் இப்படிப்பட்டவை ஒளிந்துகொள்ளும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வெளியே வரும்.

காலையில் அப்படிக் கொடுத்ததை இரவில் ஒருதரம் திரும்பிப் பார்ப்பதும் நல்லது. 1540-இல் போப்பின் அங்கீகாரம் பெற்ற இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார் இதைத் தம் பயிற்சிகளில் முக்கியமாக வைத்தார். கத்தோலிக்கர் ஆன்ம சோதனை என்பார்கள். பெரிய விசாரணை தேவையில்லை. இன்று எங்கே அவர் என்னைத் தாங்கினார், எங்கே நான் மறுபடி பிடுங்கிக்கொண்டேன் என்ற இரண்டு கேள்வி, ஐந்து நிமிடம் போதும். நம்பத்தக்க ஒரு சகோதரியிடம் வாய்விட்டுச் சொல்வதும் உதவும். யாக்கோபு 5:16 ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்வது சும்மா இல்லை. தனியாகச் சுமந்தால் பயம் பூதாகரமாகும்.

வளரவே இல்லையோ என்று கேட்டதற்கு வருகிறேன். 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் கார்மேல் மடம் ஒன்றில் லாரன்ஸ் என்ற சகோதரர் இருந்தார். முன்னாள் போர்வீரர், காலில் அடிபட்டவர். மடத்தில் அவருக்குக் கிடைத்தது சமையலறை வேலை. அவருக்கு இயல்பிலேயே பிடிக்காத வேலை. வருடக்கணக்காக அதைச் செய்தார். பிற்காலத்தில் செருப்புத் தைக்கும் வேலை பார்த்தார். பாத்திரச் சத்தத்துக்கு நடுவிலும், முழங்காலில் நிற்கும்போது இருப்பதுபோலவே ஆண்டவரோடு இருக்கப் பழகியவர் என்று அவரை எல்லோரும் கொண்டாடுகிறோம். 1691-இல் அவர் மரித்தபின் அவருடைய கடிதங்கள் வெளியாயின. அவற்றில் ஒன்றில், முதல் 10 வருடம் தாம் மிகவும் வேதனைப்பட்டதை அவரே சொல்கிறார். பத்து வருடம்! அந்தப் பத்து வருடத்தின் நடுவே யாராவது அவரைப் பார்த்திருந்தால், இவர் வளரவில்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ஆதிச் சபையின் பெரிய போதகரான அகஸ்டினும் அப்படியே. 386-இல் மிலான் தோட்டத்தில், ரோமர் 13-இன் கடைசி வசனங்களை வாசித்து அவர் உடைந்து ஆண்டவரிடம் வந்த கதை எல்லோருக்கும் தெரியும். பத்து வருடத்துக்கு மேல் கழித்து, பிஷப்பான பின்பு, தம் வாழ்க்கையைத் தேவனிடம் அறிக்கையிட்டு எழுதினார். அதன் பத்தாம் பகுதியில், சாப்பாட்டிலும் பிறர் புகழ்ச்சியிலும் தமக்கு இன்னும் இருக்கும் இழுப்புகளை ஒளிக்காமல் வைத்திருக்கிறார். மனந்திரும்பிய கதையோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அந்தப் பகுதியை நான் மிகவும் மதிக்கிறேன்.

வளர்ச்சியைப் பற்றி மாற்கு மட்டும் எழுதிவைத்திருக்கும் ஒரு உவமை உண்டு, 4-ஆம் அதிகாரத்தில். ஒருவன் விதைக்கிறான், இரவில் தூங்குகிறான், பகலில் விழிக்கிறான். விதை "அவனுக்குத் தெரியாதவிதமாய்" முளைத்துப் பயிராகிறது. முன்பு முளை, பின்பு கதிர், பின்பு நிறைந்த தானியம். தினமும் மண்ணைத் தோண்டி வேர் விட்டதா என்று பார்க்கிறவன் பயிரைக் கெடுப்பான். உங்களுக்குள் எவ்வளவு சமாதானம் இருக்கிறது என்று மணிக்கு மணி அளந்துகொண்டிருக்காதீர்கள். வேண்டுமானால் இதைக் கவனியுங்கள்: முன்பு ஒரு கவலை வந்தால் எத்தனை நாள் கழித்து ஆண்டவரிடம் போவீர்கள், இப்போது எத்தனை நேரத்தில் போகிறீர்கள்? அந்த இரவு போனைப் பார்த்தபின் உங்களுக்கு உறுத்தியது, கேட்கத் தோன்றியது. 20 வருடத்துக்கு முன் உறுத்தியிருக்குமா?

சங்கீதம் 131 மூன்றே வசனம். "தாயின் பால்மறந்த குழந்தையைப்போல நான் என் ஆத்துமாவை அடக்கி அமரப்பண்ணினேன்" என்கிறது. பிள்ளை வளர்த்தவர் நீங்கள், உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. பால்குடிக்கிற பிள்ளை மடியில் வைத்ததும் துழாவும், கிடைக்கவில்லை என்றால் வீறிடும். பால்மறந்த பிள்ளையும் அதே மடிக்குத்தான் வருகிறது. ஆனால் அம்மா வேண்டும் என்பதற்காக வருகிறது. நடுவில் பால்மறக்கடித்த நாட்கள் இருந்தனவே, அந்த அழுகை, அந்தத் தூக்கமில்லாத இரவுகள்! தாய் கொடுமைக்காரி என்று பிள்ளை நினைத்திருக்கும். நீங்கள் இப்போது அந்த நாட்களில் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரு எச்சரிக்கையையும் சொல்லியாகவேண்டும். இந்தப் பதிலை வேறு நிலைமையில் இருக்கும் யாராவது வாசிக்கலாம். அடிக்கிற கணவனிடமோ, அவமானப்படுத்தி ஆளுகிற யாரிடமோ "ஒப்புக்கொடுத்து வாழ்" என்று உங்களுக்கு யாராவது ஆலோசனை சொன்னால், அது வேதம் சொல்கிற ஒப்புக்கொடுத்தல் இல்லை. தேவனுக்கு ஒப்புக்கொடுப்பதும் மனிதனுடைய அக்கிரமத்துக்கு ஒப்புக்கொடுப்பதும் ஒன்றாகாது. சவுல் ஈட்டியை எறிந்தபோது தாவீது விலகி ஓடிப்போனான். பவுலைக் கொல்ல எதிரிகள் தமஸ்குவில் காத்திருந்தபோது, சீஷர்கள் அவரைக் கூடையில் வைத்து மதில் வழியாய் இறக்கிவிட்டார்கள். பிற்பாடு அவர் ரோமப் பேரரசனான இராயனிடம் அபயமிட்டு நியாயம் கேட்டார். ஆண்டவரே, தம்மைக் கன்னத்தில் அறைந்த சேவகனிடம் "என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார். பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், உதவி கேளுங்கள். இதில் எந்தத் தயக்கமும் வேண்டாம்.

சகோதரி, கடைசியாக அன்னாளைப் பற்றி. பிள்ளையைக் கர்த்தருக்குக் கொடுத்த தாய் என்றதும் அவள்தான் நினைவுக்கு வருவாள். பால்மறந்தபின் சாமுவேலை சீலோவிலிருந்த ஆலயத்துக்குக் கொண்டுபோய் ஆசாரியனான ஏலியிடம் விட்டுவிட்டு வந்தாள். அதோடு அவனை மறந்தாளா? 1 சாமுவேல் 2:19 சொல்கிறது: வருஷந்தோறும் பலிசெலுத்த வரும்போதெல்லாம் "அவனுக்கு ஒரு சின்னச் சட்டையைத் தைத்துக்கொண்டுவருவாள்." பிள்ளை அவளோடு இல்லை. இந்த வருடம் எவ்வளவு வளர்ந்திருப்பான், தோள் எவ்வளவு அகலம், கை எவ்வளவு நீளம் என்று மனதாலேயே அளந்து அவள் துணியை வெட்டியிருக்கவேண்டும். கொடுத்துவிட்ட பிள்ளைக்காகத்தான் தைத்தாள். திரும்பக் கூட்டிக்கொண்டு வருவதற்காகத் தைக்கவில்லை.

உங்கள் மகனுக்கும் ஒரு சின்னச் சட்டை தையுங்கள். வாரத்துக்கு ஒரு நாள் குறித்துக்கொண்டு ஒரு வரி அனுப்புங்கள். "ஏன் பேசுவதில்லை" என்பது அதில் வேண்டாம், வேதவசனம்கூட இப்போதைக்கு வேண்டாம். அவன் சின்ன வயதில் சொன்ன ஏதாவது ஒன்று ஞாபகம் வந்தது என்று எழுதுங்கள், அல்லது அப்பாவுக்கு உடம்பு பரவாயில்லை என்று எழுதுங்கள். பதில் கேட்காத வரியாக இருக்கட்டும். அவனிடம் கேட்கவேண்டிய மன்னிப்பு ஏதாவது இருந்தால், அதையும் ஒருநாள் 'ஆனால்' சேர்க்காமல் எழுதுங்கள். அனுப்பியபின், அவன் பார்த்தானா என்று பார்க்காமல், "ஆண்டவரே, இது இனி உம்முடையது" என்று சொல்லி எழுந்துவிடுங்கள். அரைமணி நேரத்தில் கை மறுபடி போனைத் தேடும். அப்போது மறுபடி சொல்லுங்கள்.

இன்றிரவு போனை அடுத்த அறையில் வைத்துவிட்டுப் படுங்கள்.